எட்டுக்கு எட்டு

உடைந்த பேரிங் ஒன்றை மடியில் முடிந்துகொண்டு ஊர் சுற்றிய பெண்பிள்ளை எங்கள் பக்கத்தில் நான் ஒருத்திதான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையங்கள். நடுவில் உருளவேண்டிய குண்டுகள் பொரிந்தும் தேய்ந்தும் போய்த் தனியே ஒரு கந்தலில். நடக்கும்போதெல்லாம் அது இடுப்பில் இடிக்கும். இடித்த இடம் கன்றிப் போயிருந்தது. வலித்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. காலில் கருவேல முள் ஏறியிருந்ததைக்கூட மறுநாள் என் கொழுந்தன் முத்திருளன்தான் பார்த்துச் சொன்னான். "இம்புட்டு நீளம் ஏறியிருக்கு, என்ன மதினி நீங்க?" என்றான். எடுத்துப் போடு என்று காலை நீட்டினேன்.

என் புருஷன் பால்பாண்டி ஆவணியில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார். பர்மாச் சண்டைக்கு லாரி ஓட்டப் போய் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்த மனுசன். ஊருக்கு வந்தபிறகு கொசு கடித்துச் செத்தார். இதற்கு யாரைத் திட்டுவது? எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திட்டுவதற்கு ஒரு ஆள் அகப்பட்டிருந்தால் அந்த மூன்று மாதமும் எனக்குச் சுலபமாகக் கழிந்திருக்கும். கொசுவை என்ன சொல்லித் திட்ட முடியும்?

அவரைத் தூக்கிய அன்று நான் அழவில்லை. மாரடிக்க வந்த பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் தோளுக்கு மேலாகக் கூரையில் தொங்கிய உறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி என் தொடையில் கிள்ளிக்கூடப் பார்த்தாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. தாலியை அறுத்தபோது அதில் கோத்திருந்த பாசிமணி வாசலில் சிதறியது. மறுநாள் பெருக்கும்போது கருப்புப் பாசி இரண்டு துடைப்பத்தோடு வந்தன. குப்பையில் தள்ளக் கை வரவில்லை. பேரிங் குண்டு இருந்த கந்தலிலேயே போட்டு முடிந்துகொண்டேன். கல்நெஞ்சுக்காரி என்று அதற்குள் எனக்குப் பெயர் வந்திருந்தது. சொன்னவர்கள் பேரில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

பேரிங் கதையைச் சொல்லிவிடுகிறேன். சண்டையிலிருந்து திரும்பியவர்களுக்குச் சர்க்கார் தரிசு நிலம் கொடுத்தது. திருவாதவூருக்கு மேற்கே இவருக்கு ஐந்து ஏக்கர் கிடைத்தது. எங்கள் சனத்தில் அதுவரை நிலம் என்றால் அடுத்தவன் நிலம். நாற்று நடுவோம், களை பிடுங்குவோம், கதிர் அறுப்போம், அளந்து போட்டதை முந்தானையில் வாங்கிக்கொண்டு வருவோம். அப்படிப்பட்ட எங்களுக்கு ஐந்து ஏக்கர். ஒரே ஒரு நிபந்தனை. அந்த வருஷத்துச் சம்பாப் பருவத்துக்குள் உழுது விதைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நிலம் ரத்து.

பக்கத்து நிலமெல்லாம் பண்ணையாருடையது. அவர் வாய் திறந்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. பால்பாண்டிக்கு யாரும் மாடு கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஊரில் ஏர்மாடு வைத்திருந்தவர்கள் எல்லாம் அவரிடம் கடன்பட்டவர்கள். ஒருத்தரும் கொடுக்கவில்லை. இவர் சிரித்தார். "மாடு இல்லாட்டி என்ன, நான் மாடு மேய்க்கவா பட்டாளத்துக்குப் போனேன்?" என்று மிலிட்டரி ஏலத்துக்குப் போனார். விமானத் திடலில் வண்டிகளை இழுத்துக்கொண்டிருந்த ஒரு சின்ன டிராக்டரை, வந்த பட்டாளப் பணம் மொத்தத்தையும் போட்டு எடுத்துவந்தார். கழுதை உயரம் இருக்கும். ஊரே கூடி நின்று சிரித்தது. பண்ணையார் வீட்டு ஆட்கள் அதற்கு ஒரு கட்டுப் புல்லைக் கொண்டுவந்து முன்னால் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஆடியில் உழ ஆரம்பித்தார். அரை ஏக்கர்கூட ஆகவில்லை, கியர் பெட்டிக்குள் கடகடவென்று சத்தம். நிறுத்திவிட்டார். பெட்டியைப் பிரித்து இந்தப் பேரிங்கைக் கழற்றி, கை முழுக்கக் கருப்புக் கிரீஸோடு என்னிடம் நீட்டினார். "இது ஒண்ணுதான் முருகம்மா. இது கெடச்சாச்சுன்னா அம்புட்டு நெலமும் நம்மது." மறுநாள் மதுரைக்குப் போவதாக இருந்தார். மறுநாள் காய்ச்சல் வந்தது.

அவர் போனபிறகு முத்திருளனும் நானும் மண்வெட்டியால் கொத்திப் பார்த்தோம். கரம்பு நிலம். மண்வெட்டி குதித்துத் திரும்பியது. புரட்டாசி முழுக்கக் கொத்தியும் ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்குக்கூடக் காணாது. ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்தது. கர்ணம் வந்து வரப்பிலேயே நின்று சொன்னார்: "அமாவாசை கழிச்சு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பார்வைக்கு வாராரு. பண்ணையாரு மனுக் குடுத்திருக்காரு, தரிசாவே கெடக்குன்னு. நான் ஒண்ணும் செய்ய முடியாது தாயி. உழுதிருந்தா உழுததுன்னு எழுதுவேன்."

நல்ல மனுசன்தான். வரப்பைத் தாண்டிக் கால் வைக்காத நல்ல மனுசன்.

மறுநாள் முத்திருளனும் நானும் மேலூருக்கு நடந்து, கரிப்புகையில் ஓடும் பஸ் பிடித்து மதுரை போனோம். முத்திருளன் மேலூர் பஸ் கொட்டகையில் வண்டி கழுவப் போய், பிறகு வண்டி பிரிக்கவும் பழகியவன். ஆள் ஒல்லி. அண்ணன் செத்ததிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவனுக்கும் சேர்த்து நான் அழாமல் இருந்ததுபோல அவன் எனக்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தான். பஸ் ஏறுமுன் கேட்டேன், "நான் எதுக்குடா? நீயே போயி வாங்கிட்டு வரலாம்ல?"

"அது ஒங்க மடியிலல்ல இருக்கு. குடுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல" என்றான்.

கீழமாசி வீதியில் ஒரு பெரிய கடை. கடைக்காரர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யுத்தம் முடிந்தும் சாமான் வரத்து இல்லை, இருப்பதே ஒன்றோ இரண்டோ என்றார். சொன்ன விலைக்கு இரண்டு ஜோடி மாடு வாங்கலாம். மாடு வாங்கினாலும் கட்ட விடமாட்டார்களே என்று எனக்குள் சிரிப்பு வந்தது. சிரிப்பு வாய்வரை வரவில்லை. அடுத்த கடையில் விலை சொல்லவே இல்லை. எங்கள் காலைப் பார்த்தார், உடுப்பைப் பார்த்தார், அப்புறம் வாருங்கள் என்றார். இப்படியே ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினோம். எனக்கு ஏமாற்றமும் இல்லை. தெருவில் ஒரு கிழவர் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தார். அதை வாங்கித் தின்றேன். வாயில் சாம்பலைப் போட்டு மென்றதுபோல இருந்தது.

வெயில் சாயும்போது முத்திருளன் ஒரு வழி சொன்னான். வளையம் இரண்டும் நல்லாத்தான் இருக்கிறது. முழுப் பேரிங் கிடைக்காவிட்டால் குண்டு மட்டும் கிடைத்தாலும் போதும், அவனே கோத்துவிடுவான். எட்டுக் குண்டு வேண்டும். பழைய இரும்புக் கடைகளில் உதிரிக் குண்டு காசுக்குக் கிடைக்கும். ஆனால் எட்டும் ஒரே டப்பாவிலிருந்து வரவேண்டும், ஒரே அளவாக.

"மயிரிழை கூடக் கொறைய இருந்தா என்னடா?"

"எல்லாத்துலயும் பெருசு எதுவோ அது தலையிலதான் மொத்தப் பாரமும் விழும் மதினி. அது மொதல்ல ஒடையும். பெறகு ஒண்ணொண்ணா எல்லாம் ஒடையும்."

பால் டப்பாத் தகரத்தை வெட்டி அதில் இரண்டு ஓட்டை போட்டு வைத்திருந்தான். பெரிய ஓட்டையில் குண்டு நுழைய வேண்டும், சின்ன ஓட்டையில் நுழையக் கூடாது. பட்டாளத்தில் கற்றுக்கொண்டு வந்து அண்ணன் சொல்லிக்கொடுத்தது. அந்தத் தகரத்தை வைத்துக்கொண்டு நெல்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் ஒவ்வொரு டப்பாவாகக் கிளறினோம். ஒன்று பெரிதாக இருந்தது, ஒன்று சிறிதாக இருந்தது, அளவு சரியாக இருந்தால் துரு. கடைசியாக யூனுஸ் ராவுத்தர் கடைக்கு வந்தோம்.

யூனுஸ் ராவுத்தர் என் வயதுக்காரர். தகரத்தை வாங்கிப் பார்த்தவர் பெருமூச்சு விட்டார்.

"இதே அளவு ஒரு பிஸ்கோத்து டப்பா நெறைய இருக்குங்க. மிலிட்டரிச் சரக்கு. துரு கெடையாது, கண்ணாடி மாதிரி இருக்கும். எங்கண்ணன் முகைதீன் பிச்சை எடுத்து வச்சது. ஆனா அது கடையில இல்ல. வீட்டுல மதினிகிட்ட இருக்கு."

"அவுககிட்டக் கேட்டு வாங்கித் தாங்க ராவுத்தரய்யா, காசு குடுத்துடுறோம்" என்றான் முத்திருளன்.

"எங்க கேக்குறது? அண்ணன் மவுத்தாகி, அடக்கம் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. மதினி இத்தாவுல, துக்கத்துல இருக்கு. நாங்க ஆம்பளைக யாரும் மொகத்தப் பாக்கக் கூடாது, பேசக் கூடாது. நாலு மாசம் பத்து நாள் ஆகணும். சரி, எம் பொண்டாட்டிய விட்டுக் கேட்டாச்சு. தரமாட்டேன்னுடுச்சு."

"ஏன்?"

"எறந்தவுக மையத்துக்காகக் கலிமா ஓதுவாங்க. ஆயிரக்கணக்குல. கணக்குத் தவறாம இருக்கப் புளியங்கொட்டைய எண்ணிப் போடுறது வழக்கம். எங்க மதினி அந்த இரும்புக் குண்ட வச்சு எண்ணிக்கிட்டிருக்கு. யாரையும் தொட விடமாட்டேங்குது. யானைக்கல்லுப் பட்டறைக்காரரு நல்ல வெல சொன்னாரு, அவருக்கும் இல்லன்னுடுச்சு."

முத்திருளன் தலையைக் குனிந்துகொண்டான். இனிப் போக வேறு கடை இல்லை. அமாவாசைக்கும் அதிக நாள் இல்லை. நிலம் போனால் நான் மறுபடி பண்ணையார் வயலில் நாற்று முடியோடு நிற்க வேண்டும். பால்பாண்டி சிரித்துக்கொண்டு டிராக்டரை ஓட்டிவந்த தெரு வழியாகவே போய் நிற்க வேண்டும். அதை நினைத்தபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. ஆனால் வாய் மட்டும் திறந்தது.

"நான் பொம்பளதான். நான் போயிக் கேக்குறேன். இல்லைன்னா இல்லைன்னு என்கிட்டயே சொல்லட்டும்."

யூனுஸ் ராவுத்தரின் மனைவி லத்தீபா என்னைச் சந்து வழியாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் பழக்கதோஷத்தில் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டேன். "என்ன நிக்கிறே, உள்ள வா" என்றாள். எங்கள் ஊரில் எந்த வீட்டு நடையிலும் எனக்கு யாரும் சொல்லாத வார்த்தை. கால் எந்தப் படியில் வைப்பது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை.

உள் அறையில் ராவுத்தரின் மதினி ஜெயினம்பு வெள்ளைச் சேலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து, காது, கை எல்லாம் மொட்டை. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முன்னால் இரண்டு குவியல். இந்தக் குவியலிலிருந்து ஒரு குண்டை எடுக்கிறாள், உதடு அசைகிறது, அந்தக் குவியலில் போடுகிறாள். டிக் என்று சத்தம். மறுபடி எடுக்கிறாள். என்னைப் பார்த்தாள், ஆனால் நிறுத்தவில்லை. நான் சுவரோரம் உட்கார்ந்தேன். டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாக இருந்தது. மூன்று மாதத்தில் நன்றாக இருந்த முதல் விஷயம் அதுதான்.

குவியல் தீர்ந்ததும் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டுவிட்டு, "யாரும்மா நீ?" என்றாள்.

சொன்னேன். புருஷன் பேர், காய்ச்சல், நிலம், டிராக்டர் எல்லாம் சொன்னேன். அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வதுபோலச் சொன்னேன். அவளும் அப்படியேதான் கேட்டாள்.

"நீ அழுதியா?" என்று கேட்டாள் திடீரென்று.

"இல்ல தாயி."

"நானும் அழல. எல்லாரும் வந்து சபூர்காரி, சபூர்காரின்னு கையப் புடிச்சு ஓதிட்டுப் போறாங்க. பொறுமைசாலியாம். பொறுமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ள தொறந்த வீடாட்டம் கெடக்கு."

"எங்க ஊருல அதுக்குப் பேரு கல்நெஞ்சு" என்றேன்.

அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புத்தான். "அப்ப நான் ஒங்க ஊருல பொறக்காம தப்பிச்சேன்" என்றாள்.

"நான் இந்தத் தெருவுல பொறக்காமக் கெட்டேன்" என்றேன் நான். கதவோரம் நின்ற லத்தீபா, இத்தா இருக்கிற அறையில் இதென்ன பேச்சு என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு நான் கேட்டேன். எட்டே எட்டுக் குண்டு, அதற்கு என்ன விலையோ அது. ஜெயினம்பு தலையை ஆட்டினாள்.

"தப்பா நெனைக்காதே. புளியங்கொட்டையத்தான் மொதல்ல குடுத்தாங்க. கையில எடுத்தா நாக்கு எழும்பல. இந்தக் குண்டு ராத்திரியில அவுக உக்காந்து ஒண்ணொண்ணாத் தொடச்சு வச்சது. இத எடுத்தாத்தான் எனக்கு ஓத வருது. இதுலயும் எண்ணிக்கை இருக்கு. டப்பாவுல இருந்தது இம்புட்டுன்னு எண்ணி, ஒரு சுத்துக்கு இம்புட்டுன்னு கோடு போட்டு வச்சிருக்கேன். எட்டக் குடுத்தா இதுவரைக்கும் ஓதுன கணக்கு என்னாகும்?"

நியாயம்தான். எனக்கு வாதாடத் தோன்றவில்லை. எழுந்திருக்கத்தான் நினைத்தேன். எழும்போது மடியில் இருந்தது கால்முட்டியில் இடித்தது. எதற்கென்று தெரியாமல் முடிச்சை அவிழ்த்து வளையங்களைப் பாயில் வைத்தேன்.

அவள் அதை எடுத்தாள். விரலில் கருப்புக் கிரீஸ் ஒட்டியது. துடைத்துக்கொள்வாள் என்று பார்த்தேன். துடைக்கவில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது எப்ப கழட்டுனது?"

"ஆடியில. அவுக கழட்டுனது. அதுக்கப்புறம் நான் தொடைக்கல."

"எங்க வீட்டுக்காரர் சட்டை எல்லாத்தையும் ஏழைகளுக்குக் குடுத்துட்டாங்க. குடுக்குறது நல்லதுதான். அதுக்கு முன்னாடி துவைச்சுட்டாங்க" என்றாள். குரல் உயரவில்லை, தாழவில்லை. "ஒன் பழைய குண்டு இருக்கா?"

கந்தலைப் பிரித்துக் கொட்டினேன்.

"எட்டுக்கு எட்டு வையி. அதுல எட்ட எடுத்துக்க. எனக்கு எண்ணிக்கை கொறையக் கூடாது, அம்புட்டுத்தான். பொரிஞ்சிருந்தாலும் சரி. எண்ணுறதுக்கு வழவழப்பு எதுக்கு?"

நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஆறுதான் இருந்தது. மீதி இரண்டும் கியர் பெட்டிக்குள்ளேயே நொறுங்கித் தூளாகப் போயிருந்தன. முத்திருளன் அன்றைக்கே சொல்லியிருந்தான், எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. ஆறைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கந்தலில் இன்னும் இரண்டு கிடந்தன. கருப்புப் பாசி.

எடுத்து ஆறோடு சேர்த்து வைத்தேன். "இது சின்னது. ஆனா உருளும்."

ஜெயினம்பு அதைப் பார்த்ததும் அவள் கை தன் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அவர்களுக்கும் கலியாணத்தன்று கருகமணிதான் கட்டுவார்கள். கையைக் கழுத்திலிருந்து எடுத்து இரண்டு பாசியையும் நகத்தால் தள்ளி, தன் குவியலுக்குள் சேர்த்துக்கொண்டாள்.

"எண்ணி எடுத்துக்க" என்றாள்.

தகரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எட்டு எடுத்தேன். எல்லாம் பெரிய ஓட்டையில் நுழைந்தன, சின்னதில் நின்றன. விலை கேட்டேன். "கணக்குக்குக் கணக்கு சரியாப் போச்சு. இதுக்கு வேற காசு வாங்குனா நான் ஓதுனது யாருக்குப் போயிச் சேரும்? போ, மழை வருது" என்றாள். நான் நடை தாண்டும்போது உள்ளேயிருந்து கேட்டாள்: "ஒன் வீட்டுக்காரர் பேரு என்னன்னு சொன்னே?"

"பால்பாண்டி."

"பால்பாண்டி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு டிக் என்று சத்தம் கேட்டது.

கடையில் முத்திருளன் எட்டையும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு வாயைப் பிளந்தான். யூனுஸ் ராவுத்தர் குண்டுகளை எட்டிப் பார்த்தார். ஒரு சிரட்டையில் கிரீஸ் வழித்துக் கொடுத்தார். அதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார், வியாபாரியில்லையா. வைகைப் பாலம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் முத்திருளன் வளையங்களைக் கேட்டான். கொடுத்தேன். மண்ணெண்ணெயில் கழுவினான். ஆடியில் ஒட்டிய கருப்பெல்லாம் கரைந்து சட்டியில் ஓடியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கழுவத்தானே வேண்டும், மண் இருந்தால் உடைந்துவிடும். எட்டுக் குண்டையும் இரண்டு வளையத்துக்கும் நடுவில் சேர்த்துப் பரப்பி, குண்டு விலகாமல் பிடிக்கும் பழைய தகரக் கூட்டையே செப்புக் கம்பியால் அடித்து முடுக்கினான். விரலால் ஒரு சுண்டு சுண்டினான். சத்தமே இல்லாமல் சுற்றியது. ரொம்ப நேரம் சுற்றியது. அவன் அழுதான். நான் போய்க் கஞ்சி காய்ச்சினேன்.

டிராக்டர் கிளம்பியபோது ஊர் மறுபடி கூடியது. இந்தத் தடவை சிரிப்பு கொஞ்சம் குறைச்சல். பண்ணையார் வீட்டு ஆட்கள் வரப்பில் வந்து நின்றார்கள், புல்லுக்கட்டு கொண்டுவரவில்லை. முத்திருளன் ஓட்டினான். நான் பின்னாலேயே நடந்து கல் பொறுக்கினேன். கியர் பெட்டிக்குள் கடகட வருகிறதா என்று முதல் நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன். வரவில்லை. மழை பெய்து பதமான மண், கொழு போன இடமெல்லாம் புரண்டு புரண்டு விழுந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்குள் வரப்போரம் ஒரே ஒரு சால் பாக்கி என்ற அளவுக்கு வந்துவிட்டோம். ஒரு பக்கம் விதைப்பும் முடிந்திருந்தது.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். கர்ணம் பின்னாலேயே ஓடிவந்தார். இன்ஸ்பெக்டர் வரப்பில் நின்று நாலு மூலையும் பார்த்தார். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தார். கர்ணம் இந்தத் தடவை வரப்பை விட்டு உள்ளே இறங்கி, முழுக்க உழுதிருக்கு என்று தானே சத்தமாகச் சொன்னார். பண்ணையார் ஆட்கள் காதில் விழட்டும் என்றுதான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"பால்பாண்டி யாரு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எம் புருஷன். செத்துட்டாரு. நான் அவரு சம்சாரம் முருகம்மாள்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதினார். கட்டை விரலை மையில் தேய்த்து வைத்தேன். "சரி, போ. நெலம் ஒன் பேருக்கு மாறும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். அவ்வளவுதான். கர்ணம் போனார். வரப்பில் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். முத்திருளன் மீதி இருந்த அந்தக் கடைசி உழவுச் சாலை ஓட்டப் போனான்.

நான் நிலத்தின் நடுவில் நின்றேன். நல்ல சேதியை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. இந்த மூன்று மாதமும் எது நடந்தாலும் கை தானாக மடிக்குப் போகும். அந்த இரும்பை ஒரு தடவை அழுத்திக்கொள்வேன். அப்படித்தான் போனது கை. முடிச்சு இருந்தது. அதற்குள் ஒன்றுமில்லை. வளையம் இல்லை, குண்டு இல்லை, பாசி இல்லை. அவர் விரல் பட்ட கருப்புகூட மண்ணெண்ணெயோடு போய்விட்டது. வெறும் துணியைப் பிசைந்துகொண்டே நின்றேன். அப்போதுதான் கன்றிப்போன இடுப்பு வலிப்பது எனக்குத் தெரிந்தது. ஐயோ என்று அவ்வளவு வலி.

உழுத மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, அவர் பேரைச் சொல்லி, ஏன் போனீர் என்று, எனக்கு நிலம் எதுக்கு என்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். கொசுவைத் திட்டினேன். பண்ணையாரைத் திட்டினேன். பர்மாவில் சாகாமல் வந்து என்னிடம் செத்ததற்கு அவரையும் திட்டினேன். டிராக்டர் இரைச்சலில் அது தெருவரை போயிருக்காது.

முத்திருளன் அந்தக் கோடியில் திரும்பும்போது என்னைப் பார்த்தான். கடைசிச் சாலும் முடிந்துவிட்டது. வண்டிக்கு ஊற்ற மண்ணெண்ணெய் எங்களிடம் அதிகம் இல்லை. ஆனால் அவன் இன்ஜினை நிறுத்தவில்லை. வண்டியைத் திருப்பி, நான் அழுது முடிக்கும்வரை, உழுத இடத்தையே மறுபடி உழுதுகொண்டிருந்தான்.